கணினி தானாகக் கதைக்கிறது, எப்படி நிற்பாட்டுவது?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ரைப்செற்றிங்கும் போட்டோக்கொப்பியும் செய்கிற கடை வைத்திருக்கும் ஓர் அக்கா கேட்டது இது. கடையில் இரண்டு கணினிகள். பழையது வின்டோஸ் 10, புதிய லப்டொப் வின்டோஸ் 11. அண்மையில் ஓர் அப்டேட் இறங்கிய பிறகு மூன்று கரைச்சல்கள். ஆய்வேடு ரைப் பண்ணிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆங்கிலக் குரலொன்று திரையில் உள்ளதை வாசிக்கத் தொடங்குகிறது. புதிய லப்டொப்பில் கேட்காமலே, மைக்ரோசொஃப்ட்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டின் ஜன்னல் திறந்து "என்ன உதவி வேண்டும்" என்று நிற்கிறது. பழைய கணினியோ விசிறி இரைய இரைய நகராமல் கிடக்கிறது. "உந்தக் குரல் உதவியாளரை வேரோடு பிடுங்க வழி இருக்கா? தெரிந்த தம்பி ஒருவர் ரெஜிஸ்ற்றியில் போய் அழித்துவிடலாம் என்கிறார், செய்யட்டோ?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, ரெஜிஸ்ற்றியில், அதாவது வின்டோஸ் தன் உள் அமைப்புகளைப் பதிந்து வைத்திருக்கிற இடத்தில், இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில், நீங்கள் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் மூன்று வேறு ஆட்கள். அப்டேட்டுக்குப் பிறகு எல்லாம் ஒன்றாக வந்ததால் எல்லாப் பழியும் ஒன்றின் மேல் விழுந்திருக்கிறது. எது எது என்று பிரித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

ரைப் பண்ணும்போது வாசிக்கிற குரலில் இருந்து தொடங்குவோம். அது பெரும்பாலும் குரல் உதவியாளரே இல்லை. அதன் பெயர் நரேற்றர். கண்பார்வை குறைந்தவர்களுக்காக, திரையில் இருப்பதை வாசித்துக் காட்ட வின்டோஸ் கூடவே வைத்திருக்கிற கருவி. அதைத் தொடங்குகிற குறுக்குவழி, வின்டோஸ் விசையும் கன்ட்ரோலும் என்டரும் சேர்ந்தது. இப்போது உங்கள் வேலையை யோசித்துப் பாருங்கள். ஆய்வேட்டில் ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்க நீங்கள் வேர்ட்டில் என்ன அழுத்துகிறீர்கள்? கன்ட்ரோலும் என்டரும். கன்ட்ரோல் விசைக்குப் பக்கத்திலேயே வின்டோஸ் விசை இருக்கிறது. கெதியாக ரைப் பண்ணுகிற கையில் சுண்டுவிரல் கொஞ்சம் அகன்றால் இரண்டும் சேர்ந்து அழுந்தும், குரல் தொடங்கிவிடும்.

இது ஒன்றுதான் என்றில்லை. கொப்பி பண்ணக் கன்ட்ரோலும் சியும் அழுத்தப் போய் வின்டோஸ் விசையும் சியும் அழுந்தினால், புதிய வின்டோஸ் 11 இல் கோபைலட் திறக்கும். வேர்ட்டில் சொல் மாற்றுவதற்குக் கன்ட்ரோலும் எச்சும் அழுத்தப் போய் வின்டோஸ் விசையும் எச்சும் அழுந்தினால், குரல் வழி ரைப்பிங் மைக்கைத் திறந்துகொண்டு வரும். நாள் முழுக்க விசைப்பலகையில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம், குறுக்குவழிகளைத் தொடாத ஆளுக்கு இது வருடத்தில் ஒருமுறைகூட நடக்காது. உங்கள் கணினியில் பேய் புகுந்துவிடவில்லை. விசைகளை நெருக்கமாக வைத்த அமைப்புத்தான் காரணம், உங்கள் கை காரணமில்லை.

நரேற்றர் கதைக்கத் தொடங்கினால் அதே மூன்று விசைகளையும் மீண்டும் அழுத்துங்கள், நின்றுவிடும். இனி வரவே கூடாது என்றால், வின்டோஸ் 11 இல் செற்றிங்ஸ், அக்ஸெஸிபிலிற்றி, நரேற்றர் என்று போய், அங்கே விசைப்பலகைக் குறுக்குவழிக்கான சுவிட்சை ஓஃப் செய்யுங்கள். வின்டோஸ் 10 இல் அந்தப் பகுதியின் பெயர் ஈஸ் ஒஃப் அக்ஸெஸ். உள்ளே நரேற்றர் என்றே இருக்கும். உள்நுழைந்ததும் தானாகத் தொடங்கு என்ற பெட்டியில் சரி அடையாளம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஆனால் ஒன்று. உங்கள் கடைக்கு விழிப்புலன் குறைந்த மாணவர்களும் வரக்கூடும். அவர்கள் யாராவது அந்தக் கணினியில் உட்கார்ந்து வேலை செய்கிற வழக்கம் இருந்தால், ஒரு கணினியிலாவது இந்தக் குறுக்குவழியை விட்டு வையுங்கள். உங்களுக்குக் கரைச்சலாக இருப்பது அவர்களுக்குக் கண்.

எட்ஜ் உலாவியில் இணையப் பக்கத்தை வாசிக்கிற இன்னொரு குரலும் உண்டு. கன்ட்ரோலும் ஷிஃப்டும் யூவும் அழுத்தினால் தொடங்கும், அதையே திரும்ப அழுத்தினால் நிற்கும். அதற்குமேல் அதற்கு மினக்கெட வேண்டாம்.

அடுத்தது கோபைலட். இதுதான் நீங்கள் உண்மையில் வெளியேற்ற விரும்புகிற ஆள். இதைக் கழற்றுவது இப்போது எளிது. செற்றிங்ஸில் ஆப்ஸ் என்ற பகுதிக்குப் போய், இன்ஸ்ரோல்ட் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, கோபைலட் என்று எழுதியதற்கு நேரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் அன்இன்ஸ்ரோல் வரும். அழுத்துங்கள், முடிந்தது. 2023 செப்டெம்பர் கடைசியில் இது வின்டோஸ் 11 க்கு வரத் தொடங்கியபோது வின்டோஸின் உடம்போடு ஒட்டியிருந்தது, கழற்ற முடியவில்லை, மறைக்கவோ நிறுத்திவைக்கவோதான் முடிந்தது. பிறகு அதைச் சாதாரண செயலியாக மாற்றினார்கள். அதனால்தான் பழைய குறிப்புகளில் குறூப் பொலிசி எடிற்றர் என்ற, நிறுவனங்களுக்கான நிர்வாகக் கருவியில் வின்டோஸ் கோபைலட்டை நிறுத்து என்று ஒரு வழி சொல்லியிருப்பார்கள். அது அந்தப் பழைய கோபைலட்டுக்கானது. புதிய செயலியை அது தொடாது. அதைச் செய்துவிட்டு "இன்னும் வருகுதே" என்று மினக்கெடுகிறவர்கள் நிறையப் பேர்.

செயலியை வைத்துக்கொண்டு குரலை மட்டும் நிற்பாட்ட விரும்பினால், கோபைலட்டைத் திறந்து அதன் சொந்த செற்றிங்ஸில் வொய்ஸ் பகுதிக்குப் போங்கள். "ஹேய் கோபைலட்" என்று கூப்பிட்டால் எழும்புகிற வசதிக்கு அங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது இயல்பாக ஓஃப் நிலையில்தான் வரும். யாராவது ஓன் செய்திருந்தால்தான் வேலை செய்யும். கடையில் பலர் கை வைக்கிற லப்டொப் என்றபடியால் பார்த்துவிடுவது நல்லது. கணினி தொடங்கும்போதே தானாகத் திறக்கிற சுவிட்சும் அங்கேயே இருக்கும். அதையும் ஓஃப் செய்யுங்கள். புதிய லப்டொப்களில் கோபைலட்டுக்கென்றே தனி விசை ஒன்று வருகிறது. அது இடறுகிறது என்றால் செற்றிங்ஸ், பேர்சனலைசேஷன், ரெக்ஸ்ட் இன்புட் என்று போய் அந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை மாற்றலாம். வேர்ட்டுக்குள் வருகிற கோபைலட் வேறு. அது ஃபைல், ஒப்ஷன்ஸ் என்பதற்குள் தனியாக நிறுத்தப்படுவது. லப்டொப்பில் அன்இன்ஸ்ரோல் செய்தாலும் வேர்ட்டில் அது இருக்கும். குழம்ப வேண்டாம்.

வின்டோஸ் விசையோடு சி, வின்டோஸ் விசையோடு எச் என்ற இரண்டு குறுக்குவழிகளையும் சாகடிக்க வேண்டும் என்றால் மைக்ரோசொஃப்ட்டின் பவர்ரோய்ஸ் என்ற இலவசக் கருவியைப் போடுங்கள். அதற்குள் கீபோர்ட் மனேஜரில் ஒரு குறுக்குவழியைத் தெரிவுசெய்து "ஒன்றும் செய்யாதே" என்று கட்டிவிடலாம். ரைப்செற்றிங் கடைக்கு இது மிகப் பயன். நான் வேறு எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

இனி அந்தப் பழைய கணினி. அங்கே இருக்கிறது கோர்ட்டானா. 2015 ஜூலை 29 இல் வின்டோஸ் 10 வெளிவந்தபோதே கூட வந்த குரல் உதவியாளர். முதல் வருடம் அதற்கு ஓன், ஓஃப் சுவிட்ச் இருந்தது. 2016 ஓகஸ்ட்டில் வந்த அனிவேசரி அப்டேட்டில் அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டார்கள். மக்கள் ரெஜிஸ்ற்றிக்குள் இறங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2020 இல் கோர்ட்டானாவைத் தனிச் செயலி ஆக்கினார்கள். 2023 இல் வின்டோஸில் அந்தச் செயலிக்கான ஆதரவையே நிறுத்திவிட்டார்கள். ஆக, உங்கள் வின்டோஸ் 10 கணினியில் அந்தப் பெயர் இன்னும் தெரிந்தாலும் உள்ளே ஆளில்லை. செற்றிங்ஸ், ஆப்ஸ், கோர்ட்டானா, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்று போய், உள்நுழையும்போது தொடங்குவதை ஓஃப் செய்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோர்ட்டானா தமிழ் கற்கவே இல்லை. இலங்கையும் அதன் நாடுகளின் பட்டியலில் இருக்கவில்லை. அப்படி என்றால் யாழ்ப்பாணத்துக் கணினிகளில் அது எப்படி வேலை செய்தது? கணினியை அமைக்கும்போது நாடு அமெரிக்கா என்றும் மொழி ஆங்கிலம் என்றும் வந்ததை அப்படியே விட்டுவிடுவதால். செற்றிங்ஸில் ரைம் அன்ட் லாங்குவேஜ் என்பதற்குள் நாட்டை இலங்கை என்று மாற்றிப் பாருங்கள். பழைய பதிப்புகளில் அதுவே கோர்ட்டானாவை அமைதிப்படுத்தும்.

அப்படியானால் அந்தக் கணினி ஏன் இரைகிறது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறங்கள். சிபியூ என்ற தலைப்பின் மேல் ஒருமுறை தட்டினால் அதிகம் தின்கிறவர் மேலே வருவார். அங்கே வின்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்ரோலர் வேர்க்கர் என்றோ, சேர்ச் இன்டெக்ஸர் என்றோ இருந்தால் பயப்படத் தேவையில்லை. அப்டேட் ஒன்று இறங்கிய பிறகு தன் வேலையை முடிக்கவும், கோப்புகளின் அட்டவணையைத் திரும்பக் கட்டவும் நேரம் எடுக்கும். ஆயிரக்கணக்கான ஆய்வேட்டுக் கோப்புகள் கிடக்கிற கடைக் கணினியில், அதுவும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், இன்னும் அதிகம். கடையைப் பூட்டும்போது கணினியை ஓடவிட்டுப் போங்கள். காலையிலும் அதே வேகத்தில் இரைந்தால்தான் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம், அந்த அப்டேட்டையே கழற்றுவது. வின்டோஸ் 10 இல் செற்றிங்ஸ், அப்டேட் அன்ட் செக்கியூரிற்றி, வியூ அப்டேட் ஹிஸ்ரரி. வின்டோஸ் 11 இல் செற்றிங்ஸ், வின்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்ரரி. இரண்டிலும் அன்இன்ஸ்ரோல் அப்டேட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். கேபி என்று தொடங்கும் இலக்கமும் அது ஏறிய திகதியும் அங்கே தெரியும். கரைச்சல் தொடங்கிய நாளோடு திகதி பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அதைக் கழற்றி, மறுதொடக்கம் செய்து, உடனேயே அப்டேட்டைப் பிற்போடுங்கள். இல்லாவிட்டால் அது திரும்ப இறங்கிவிடும். ஐந்து வாரம் மட்டில் பிற்போடலாம். வந்தது பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ரிக்கவரி பகுதியில் பழையதற்குத் திரும்புகிற பட்டன் இருக்கும், ஆனால் பத்து நாளுக்குள் அழுத்த வேண்டும். கழற்றுவதற்கு முன்பு, தயவுசெய்து, மாணவர்களின் கோப்புகளை வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். யாரோ ஒருவரின் மூன்று வருட உழைப்பு அது.

இப்போது அந்த ரெஜிஸ்ற்றி விசயம். தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் 2019 இல் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். அந்த வருடம் ஓகஸ்ட் 30 இல் வின்டோஸ் 10 இன் 1903 பதிப்புக்கு கேபி 4512941 என்ற அப்டேட் வந்தது. அதைப் போட்ட சிலரின் கணினிகளில் சேர்ச்யூஐ என்ற நிரல் சிபியூவை விடாமல் தின்றது. கோர்ட்டானாவும் தேடலும் ஓடுகிற நிரல் அதுதான். கோர்ட்டானாவின் கோளாறு என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் யாருக்கு நடந்தது தெரியுமா? தேடல் பெட்டி இணையத்தில் தேடுவதை முன்பே தடுத்து வைத்திருந்தவர்களுக்கு மட்டும். மைக்ரோசொஃப்ட்டே அப்படித்தான் அறிவித்தது. அப்படித் தடுத்தவர்களில் பலர் ரெஜிஸ்ற்றியில் ஒரு வரியை எழுதித்தான் தடுத்திருந்தார்கள். அந்தத் தடையை எடுத்ததும் கணினி அமைதியானது. செப்டெம்பர் 10 இல் வந்த கேபி 4515384 அந்தப் பிழையைத் திருத்தியது.

தடுத்தவர்கள் செய்தது நியாயமான காரியம்தான். தங்கள் கணினியில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பிழை அப்டேட்டினுடையது. ஆனால் அப்டேட் எழுதுகிறவர்கள் தங்கள் செற்றிங்ஸில் உள்ள சுவிட்சுகளை வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். நாங்கள் உள்ளே போய் அறுத்து வைத்த கம்பி அவர்கள் சோதனையில் வருவது குறைவு. அறுத்த ஆளுக்கே ஆறு மாதத்தில் எதை அறுத்தோம் என்று மறந்துபோகும், பிறகு அப்டேட்டில் கணினி இடறும்போது காரணம் தெரியாமல் தலையைச் சொறிய வேண்டியதுதான். அதனால் என் முறை இதுதான்: முதலில் சுவிட்ச், பிறகு அன்இன்ஸ்ரோல், பிறகு மைக். புரோ பதிப்பு என்றால் குறூப் பொலிசி எடிற்றரில் கோர்ட்டானாவை அனுமதி என்பதை டிசேபிள் செய்வது பாதுகாப்பான வழி, ஏனென்றால் அது நிறுவனங்களுக்கென்று அவர்களே திறந்துவைத்த கதவு. ஹோம் பதிப்பில் அந்த எடிற்றர் வராது.

மைக்கைப் பற்றித்தான் நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிது. உங்கள் கடையில் நாள் முழுக்க ஆட்கள் என்னென்ன சொல்கிறார்கள்? அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கான குடும்ப விபரம். அதைக் கேட்டுக்கொண்டிருக்க ஒரு மைக் தேவையே இல்லை. "ஹேய் கோபைலட்" என்ற அழைப்பை அடையாளம் காணுவது கணினிக்குள்ளேயே நடக்கிறது, பத்து விநாடி ஒலியைத்தான் வைத்திருக்கிறது, அதைப் பதிவதில்லை என்று மைக்ரோசொஃப்ட் சொல்கிறது. அதை நம்புவதில் தவறில்லை. ஆனால் பாவிக்காத மைக்கை மூடுவதற்கு யாரையும் சந்தேகிக்கத் தேவையில்லை.

வின்டோஸ் 11 இல் செற்றிங்ஸ், சிஸ்ரம், சவுண்ட் என்று போய் இன்புட் என்பதன் கீழ் உள்ள மைக்கைத் தட்டுங்கள். அதைப் பாவிக்க செயலிகளையும் வின்டோஸையும் அனுமதிப்பதா என்ற வரியில் டோன்ட் அலவ் பட்டன் இருக்கும். அழுத்தினால் மைக் முழுதாக மூடப்படும். ஸூம் வகுப்புக்குத் தேவைப்பட்டால் அதே இடத்தில் திறந்துகொள்ளலாம். வின்டோஸ் 10 இல் பிரைவசி பகுதிக்குள் மைக்ரோபோன் என்றும் வொய்ஸ் அக்டிவேஷன் என்றும் இரண்டு இருக்கும், இரண்டையும் ஓஃப் செய்யுங்கள். மேசைக் கணினிக்குப் பெரும்பாலும் மைக் வெப்கமில்தான் இருக்கும். அந்த யூஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டால் எந்தச் செற்றிங்ஸும் தேவையில்லை. எல்லாம் செய்த பிறகு டாஸ்க்பாரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். எந்தச் செயலியாவது மைக்கைப் பாவித்தால் அங்கே குட்டி மைக் படம் ஒன்று வரும். அதன் மேல் மவுஸை வைத்தால் யார் பாவிக்கிறார் என்று பெயர் சொல்லும். ஒரு நாள் வேலை நேரத்தில் அது ஒருமுறையும் வராவிட்டால் கதவு வடிவாகப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அப்டேட்டை எப்படி வைத்துக்கொள்வது என்றும் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட் வரும். எங்கள் நேரத்துக்கு அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை, ஆகவே புதன் காலை கடை திறக்கும்போது அது காத்துக்கொண்டு நிற்கும். மாதக் கடைசியில் ஒப்ஷனல் என்ற பெயரில் இன்னொன்று வரும். அது அடுத்த மாதத் திருத்தங்களின் முன்னோட்டம். 2019 இல் சிபியூவைத் தின்ற அப்டேட்டும் அப்படி விருப்பத்தெரிவாக வந்ததுதான். கடைக் கணினியில் அதைத் தொடாதீர்கள். புதியவற்றை உடனுக்குடன் எடு என்ற சுவிட்ச் வின்டோஸ் 11 இல் இருக்கிறது, அதை ஓஃபிலேயே வையுங்கள். டொங்கிளிலோ போன் ஹொட்ஸ்பொட்டிலோ இன்ரநெற் எடுக்கிறீர்கள் என்றால் அந்த இணைப்பை மீற்றேர்ட் என்று குறித்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுகள் உங்களைக் கேட்காமல் டேட்டாவைத் தின்னாது.

ஆனால் பாதுகாப்பு அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடச் சொல்லமாட்டேன். நாளுக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் உங்கள் கணினியில் ஏறி இறங்குகிறது! பழைய கணினிக்கு அதிலும் கவனம் வேண்டும். வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கான நீடிப்பில் பதிவுசெய்திருந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பதிவு செய்யாவிட்டால் அந்தக் கணினியில் பிறின்ற் எடுப்பதோடு நிறுத்தி, வங்கி வேலை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் லப்டொப்புக்கு மாற்றுங்கள்.

ஆய்வேடு ஒப்படைக்கிற வாரங்கள் எப்போது என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த வாரங்களுக்கு முன்பே அப்டேட்டைப் பிற்போட்டுவிட்டு, கூட்டம் குறைந்ததும் திறந்துவிடுங்கள். பெரிய பதிப்பு மாற்றம் ஒன்று ஏறினால் கோபைலட் திரும்ப வந்திருக்கிறதா, மைக் மூடியபடியே இருக்கிறதா என்று இரண்டையும் மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும். பழைய கணினி காலையிலும் இரைந்துகொண்டே இருந்தால், டாஸ்க் மனேஜரில் முதல் வரியில் நிற்கிற பெயரையும், அப்டேட் ஹிஸ்ரரியில் கடைசியாக ஏறிய கேபி இலக்கத்தையும் எழுதி அனுப்புங்கள் அக்கா, மிச்சத்தை அதை வைத்துப் பார்ப்போம்.